மூன்றாவது கதவு

ரீகா நகரத்து ட்ராம் பணிமனை.
ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
தௌகவா ஆற்றுப் பாலத்தில் ஏறியதும்
பதினான்காம் வண்டியின் மூன்றாவது கதவு
திறக்க மறுக்கும்.
காரணம் எல்லோருக்கும் தெரியும்:
ஏறுகிறவர்களின் பூட்ஸ் கொண்டுவரும் பனி
உள்ளே உருகி, கதவின் கீழ்த்தடத்தில் இறங்கி,
பாலத்துக் காற்றில் மறுபடி கல்லாகிறது.
காரணம் தெரிந்து என்ன?
அக்கரையில் இறங்க வேண்டியவர்கள்
அதற்கடுத்த நிறுத்தத்தில் இறங்கி
எங்களைத் திட்டிக்கொண்டே நடந்து திரும்பினார்கள்.

தலைமை அலுவலகம் ஒரு பெட்டி அனுப்பியது.
தகரம். மஞ்சள் வர்ணம். நெற்றியில் கீறல்போல ஒரு வாய்.
'உங்கள் யோசனை இங்கே' என்று கறுப்பு எழுத்து.
சாவி என்னிடம். இரவுப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு.
வெள்ளிதோறும் திறப்பேன்.
மிட்டாய்க் காகிதம். ஒரு கோட்டுப் பொத்தான்.
ஒருமுறை, அழகான கையெழுத்தில்:
'காபி கசக்கிறது.'

கூட்டம் போட்டேன்.
'மனம்விட்டுப் பேசுங்கள்' என்றேன்.
ஐந்து பேரும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள்.
மரூதா கையுறையை ஒருமுறை கழற்றி
ஒருமுறை போட்டுக்கொண்டாள்.
குளிரில் இறுகியது கதவு மட்டுமில்லை என்று
அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

போன குளிர்காலம் கெனாதி
கதவடியில் ஒரு மின்விசிறி பொருத்தினான்.
ஃப்யூஸ் போனது. வண்டி பாலத்தில் நின்றது.
அவன் கோப்பில் மூன்று வரி எழுதினேன்.
மூன்றே வரி.
மற்ற நான்கு பேரின் நாக்கிலும்
அவை எழுதப்பட்டுவிட்டதை நான் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு என் கோப்பைக் கொண்டுபோனேன்.
உள்ளே ஒன்றுமில்லை. வெள்ளைத் தாள்.
அவர்கள் எதிரில் உட்கார்ந்து
வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினேன்:
'தடத்தில் உப்பு போடச் சொன்னது நான்.
உப்பு பனியைத் தின்றது, பிறகு இரும்பைத் தின்றது.
பதினோரு கதவு மாற்றினோம்.
என்னை யாரும் ஏனென்று கேட்கவில்லை.'
ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
பிறகு கெனாதி சொன்னான்:
'அந்த விசிறியை நான் தலைகீழாக மாட்டியிருந்தேன்.'
விஸ்வால்டிஸ் சிரித்த சிரிப்பில்
தேநீர் மூக்குவழியாக வந்தது.

அப்புறம் பேச்சு ஓயவில்லை.
தொல்லையும்தான்.
மெழுகு பூசினார்கள்; ஒரு சீமாட்டியின் கோட்டு பாழ்.
ரப்பர் பட்டை வைத்தார்கள்; இரண்டே நாளில் கிழிந்தது.
வேலைக்கு வந்து ஆறு வாரமான ஐவார்ஸ் கேட்டான்:
'தண்ணீரை ஏன் தடுக்கிறோம்?
போகவிட்டால் என்ன?'
யாரும் பதில் சொல்லவில்லை.
மரூதா மட்டும் சுவரையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சுவரில் பெட்டியைக் காணோம்.
நான்கு திருகாணித் துளைகள்,
பெட்டியளவுக்கு அழுக்குப் படாத சுவர்.

பதினான்காம் வண்டியின் மூன்றாவது படியில் குனிந்தேன்.
கீழ்த்தடத்துக்கு மேலே சாய்வாக ஒரு மஞ்சள் தகடு,
விளிம்பு மடித்து, பிசிறில்லாமல் பற்றவைத்து.
காகிதம் போடுவதற்கென்று வெட்டிய அந்த வாய்
உருகிய பனியை
வண்டிக்கு வெளியே துப்பிக்கொண்டிருந்தது,
சொட்டுச் சொட்டாக.
பக்கத்தில் 'உங்கள் யோச' வரைக்கும் தெரிந்தது.

பாலம் கடந்தோம். கதவு திறந்தது.
முணுமுணுத்துக்கொண்டுதான், ஆனால் திறந்தது.

மாதக் கடைசியில் படிவம் வந்தது.
பெட்டியில் சேர்ந்த யோசனைகள் எத்தனை?
ஒன்று, என்று எழுதினேன்.
பெட்டியின் தற்போதைய நிலை?
ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் கதவு இன்னும் மக்கர் பண்ணுகிறது.
விஸ்வால்டிஸ் கொஞ்ச நாளாக
என் அறைத் தகர அலமாரியை
டேப் வைத்து அளந்து பார்க்கிறார்.
உள்ளேயிருக்கும் கோப்புகளை
நான் காலிசெய்யத் தொடங்கியிருக்கிறேன்.